பொடிக் குப்பியாக இருந்த தோட்டாக் கூடு

போடிநாயக்கனூரில் ஒரு காலனி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதியோர் உதவித்தொகை மனு எழுதிக்கொண்டிருந்தேன். மனு அந்த வீட்டு அம்மாச்சிக்கு. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி, ஏலத்தோட்டங்களில் காய் எடுத்தவர். பேச்சின் நடுவே இடுப்பிலிருந்து ஒரு பித்தளைக் குப்பியை எடுத்தார். வாயில் அடைத்திருந்த துணியை உருவி, உள்ளங்கையில் தட்டினார். மூக்குப்பொடி விழுந்தது.

சுண்டுவிரல் நீளம். அடி அகலம், மேலே போகப் போகக் குறுகி, தோள் மாதிரி இறங்கி, சின்னக் கழுத்து. எனக்குப் பார்த்ததும் புரிந்தது. வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். அடியில் கே, எஃப் என்ற எழுத்துகள், 42 என்ற எண், ரோமன் ஏழு. நடுவில் ஊசி குத்திய பள்ளம். அது சுடப்பட்ட .303 தோட்டாவின் கூடு.

"எங்க சின்னய்யா பட்டாளத்துல இருந்து கொண்டாந்தது ஆத்தா. பர்மா சண்டைக்குப் போனவரு. பித்தளையாச்சேன்னு எடுத்தாந்துட்டாரு. எங்கப்பனுக்குக் குடுத்தாரு, அப்பனுக்கு அப்புறம் எனக்கு."

கே.எஃப். என்றால் கிர்க்கி ஃபாக்டரி. பூனாவுக்குப் பக்கத்தில் 1869-ல் தொடங்கி, இன்று கட்கி என்ற பெயரில் இயங்கும் தோட்டாத் தொழிற்சாலை. 42 என்பது 1942. ரோமன் ஏழு என்பது தோட்டாவின் ஏழாவது ரகம். ஒரு சின்னப் பித்தளைக் கூடு தன் ஊரையும் பிறந்த ஆண்டையும் அடியில் எழுதி வைத்திருக்கிறது. அம்மாச்சியின் பிறந்த ஆண்டுக்குத்தான் எங்கும் காகிதம் இல்லை. மனு நின்றதும் அதனால்தான்.

அன்றிலிருந்து இந்தக் கூட்டின் வரலாற்றைப் படித்தேன். துப்பாக்கி ஆசையால் அல்ல. அந்த வரலாற்றுக்குள் நம் கதையும் இருக்கிறது என்பதால்.

காகிதத் தோட்டாவும் ஒரு சொம்புத் தண்ணீரும்

தோட்டா என்பது நான்கு பொருள்: குண்டு, வெடிமருந்து, மருந்தைப் பற்றவைக்கும் கேப், இவை மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் கூடு. குண்டு மனிதனைத் துளைக்கிறது, அதனால் எல்லோரும் குண்டைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் துப்பாக்கியைத் தலைகீழாக மாற்றியது கூடுதான்.

1853-ல் வந்த என்ஃபீல்டு துப்பாக்கிக்குக் கூடு வெறும் காகிதம். அளந்த மருந்தும் குண்டும் ஒரு காகிதச் சுருளுக்குள் இருக்கும். சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும், மருந்தைக் குழல் வாயில் கொட்ட வேண்டும், குண்டை உள்ளே தள்ளிக் கம்பியால் கெட்டிக்க வேண்டும், பிறகு தனியாக ஒரு கேப்பைப் பொருத்த வேண்டும். குழலுக்குள் புரி வெட்டியிருந்ததால் குண்டு எளிதாக இறங்கக் காகிதத்தின் மேல் கொழுப்பு தடவியிருந்தார்கள்.

பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, 1857 எழுச்சி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அந்தச் செய்தி சிப்பாய்களிடம் எப்படி வந்தது என்பதைப் பாடப்புத்தகம் நமக்குச் சொல்லித்தரவில்லை. ஆங்கிலேயரின் ஆவணங்களிலேயே அது இருக்கிறது. 1857 ஜனவரி, கல்கத்தாவை ஒட்டிய டம்டம் ஆயுதக் கிடங்கு. அங்கே வேலை செய்த, தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு தொழிலாளி, ஒரு பார்ப்பனச் சிப்பாயிடம் அவருடைய சொம்பிலிருந்து தண்ணீர் கேட்டார். சாதி சொல்லிச் சிப்பாய் மறுத்தார். சாதியைப் பற்றி இவ்வளவு பேசுகிறீரே, பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவை நீர் சீக்கிரம் வாயால் கடிக்கப்போகிறீர், அப்போது உம் சாதி எங்கே போகும் என்ற பொருளில் அந்தத் தொழிலாளி திருப்பிக் கேட்டார். வட இந்தியத் தலித் மக்களின் நினைவில் அவர் பெயர் மாதாதீன். ஆவணத்தில் அவருக்குப் பெயர் இல்லை.

அந்த எழுச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. அவத் அரசைக் கம்பெனி விழுங்கியது, வரி, சம்பளம், சிப்பாய்களை நடத்திய விதம் எல்லாம் சேர்ந்துதான் வெடித்தது. ஆனால் தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்பது, அதை உருவாக்கும் இடத்தில் உழைத்தவருக்கு முதலில் தெரிந்திருந்தது என்பதைக் கவனியுங்கள். தோலையும் கொழுப்பையும் கையாண்ட மக்கள் அதனால் தலைமுறை தலைமுறையாகத் தீட்டாக்கப்பட்டார்கள். அதே கொழுப்பு ஒருமுறை உதட்டில் படும் என்றதும் ஒரு படையே கொதித்தது. வங்காளப் படையில் அன்று பார்ப்பனர்களும் ராஜபுத்திரர்களும் மிகுதி. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவை வாங்க மறுத்தார்கள். மே 10 அன்று எழுச்சி வெடித்தது.

இதற்கிடையில் ஆங்கிலேயர் ஒரு திருத்தம் செய்து பார்த்தார்கள். பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று பயிற்சி முறையை மாற்றினார்கள். தண்ணீர் மறுக்கப்பட்டதற்கு யாரும் திருத்தம் செய்யவில்லை.

காகிதம் போய்ப் பித்தளை வந்தது

காகிதத் தோட்டாவின் சிக்கல் கொழுப்பு மட்டுமல்ல. மழையில் நனையும். ஒவ்வொரு முறையும் நின்றுகொண்டு குழல் வாயில் போட்டுக் கெட்டிக்க வேண்டும். பின்பக்கமாகத் தோட்டா போடும் துப்பாக்கியைச் செய்யலாம் என்றால், வெடிக்கும்போது புகையும் நெருப்பும் பின்வழியாகச் சுடுபவன் முகத்திலேயே அடிக்கும். பிரஷ்யா 1841-ல் ஏற்ற டிரைசே துப்பாக்கியில் ஒரு நீண்ட ஊசி காகிதத்தைக் குத்தி உள்ளே இருக்கும் கேப்பை அடித்தது. விரைவாகச் சுட முடிந்தது, ஆனால் பின்பக்கக் கசிவு நிற்கவில்லை.

விடை உலோகக் கூடு. பாரிசில் வேலை செய்த சுவிஸ் கைவினைஞர் பாலி 1812-லேயே பித்தளை அடிப்பாகம் கொண்ட தோட்டாவுக்கு உரிமை வாங்கிவிட்டார். அது பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. தத்துவம் எளிது. மருந்து வெடித்ததும் மெல்லிய பித்தளை விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், வாயு பின்னால் வர வழி இருக்காது. அழுத்தம் குறைந்ததும் பித்தளை கொஞ்சம் சுருங்கும், கூட்டை வெளியே இழுத்துவிடலாம். விரியவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை இதற்குப் பொருந்தி வந்தது.

பிரிட்டனில் 1866-ல் பழைய என்ஃபீல்டுகளையே அறுத்து, பின்பக்கம் திறப்பு வைத்து ஸ்னைடர் துப்பாக்கி ஆக்கினார்கள். அதற்குக் கூடு செய்தவர் வுலிச்சில் இருந்த கர்னல் பாக்ஸர். மெல்லிய பித்தளைத் தகட்டைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, அடியில் இரும்புத் தட்டு வைத்தார். 1871-ல் வந்த மார்ட்டினி ஹென்றிக்கும் இதே சுருட்டல்தான், கழுத்து மட்டும் குறுகியது. சூடான குழலில் இந்தத் தகடு ஒட்டிக்கொள்ளும். இழுக்கும்போது அடித்தட்டு மட்டும் பிய்ந்து வரும், உடல் உள்ளே மாட்டிக்கொள்ளும். 1885-ல் சூடானில் அபு கிளியா சண்டையில் இது பெரிய தலைவலி ஆனது. அதன் பிறகு ஒரே துண்டாக இழுத்துச் செய்த பித்தளைக் கூடு நிலைத்தது.

ஒரு பித்தளை வில்லையைக் கிண்ணம் போல அமுக்குவார்கள். அச்சுக்குள் தள்ளித் தள்ளி நீளமாக்குவார்கள். ஒவ்வொரு தள்ளலுக்கும் பித்தளை இறுகிவிடும், அதைச் சூடாக்கி இளக்கி மறுபடி தள்ள வேண்டும். கடைசியில் அடிப்பாகம் கெட்டியாகவும் வாய்ப்பாகம் இளக்கமாகவும் இருக்க வேண்டும். பாத்திரப் பட்டறை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

1888-ல் .303 வந்தது. அம்மாச்சியின் குப்பி இதன் வம்சம்தான். கருமருந்தோடு தொடங்கி, 1891-ல் புகை குறைந்த கார்டைட்டுக்கு மாறியது. கார்டைட் சேமியா போல நீளநீளமான இழைகள். குறுகிய கழுத்து வழியாக அதை நிரப்ப முடியாது. ஆகவே நேராக இருக்கும் கூட்டில் இழைகளைப் போட்டுவிட்டுப் பிறகுதான் கழுத்தைக் குறுக்கினார்கள். கூட்டின் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புதான் தோட்டா அளவுக்கு மேல் உள்ளே போகாமல் தடுக்கிறது, சுட்ட பிறகு கொக்கி பிடித்து இழுக்கவும் இடம் தருகிறது. ஜெர்மானியர்கள் அதே 1888-ல் விளிம்பை எடுத்துவிட்டு அடியில் பள்ளம் வெட்டினார்கள். விளிம்பு இருந்தால் தோட்டாக்களை அடுக்கும்போது ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் மாட்டும். விளிம்பில்லாத கூடு வழுக்கிக்கொண்டு போகும். தானாகச் சுடும் துப்பாக்கிகளுக்கு அதுவே பாதை போட்டது.

எந்தக் கூடு யார் கையில்

தொழில்நுட்பம் வளர்ந்தது, எல்லோர் கைக்கும் வந்தது என்று எழுதி முடித்துவிடலாம். அது உண்மையாக இருக்காது.

1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்குப் புரியில்லாத குழல் கொண்ட துப்பாக்கிகள் கொடுக்கப்பட்டன. வெள்ளைச் சிப்பாய் மார்ட்டினி ஹென்றி வைத்திருந்தபோது இந்தியச் சிப்பாயிடம் ஸ்னைடர் இருந்தது. வெள்ளைச் சிப்பாய்க்கு .303 வந்தபோது இந்தியச் சிப்பாய்க்கு மார்ட்டினி இறங்கியது. ஒரு தலைமுறை பின்னால் வைத்திருப்பது கொள்கையாகவே இருந்தது. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், உரிமம் இல்லாமல் இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது.

இதன் உச்சம் .410 மஸ்கட். .303 தோட்டாவின் அதே கூட்டை எடுத்தார்கள். கழுத்தைக் குறுக்காமல் நேராகவே விட்டார்கள். .303 துப்பாக்கியின் குழலைப் புரியில்லாமல் கடைந்தார்கள். தோட்டா அடுக்கும் பெட்டியில் மரக்கட்டையை அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் என்று ஆக்கினார்கள். காவலர்களுக்கும் சிறைக் காவலுக்கும் இது போனது. தூரத்துக்கும் சுட முடியாது, வேகமாகவும் சுட முடியாது. ஒரு கூட்டின் கழுத்தைக் குறுக்குவதா வேண்டாமா என்பதற்குள் ஆள்பவனின் அவநம்பிக்கை இருந்தது.

அவநம்பிக்கை வெள்ளையனுக்கும் இந்தியனுக்கும் இடையில் மட்டும் ஓடவில்லை. மதராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர் சமூகத்தவர் பெருமளவில் இருந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி அந்தப் படையில் சுபேதார். 1890-களில் 'போர்க்குணச் சாதிகள்' என்ற கோட்பாடு வந்து மகர்களுக்குக் கதவைச் சாத்தியது. தெற்கத்திப் படைகளும் சுருக்கப்பட்டன. உலகப்போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் கதவு திறந்தது. 1941-ல் மகர் படைப்பிரிவு உருவானது. அம்மாச்சியின் சின்னய்யா போடியிலிருந்து பர்மா போனதும் அந்தத் திறப்பில்தான். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாத ஒருவர் கையில், அன்றைய பேரரசின் அதே .303 இருந்தது. சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது அவரிடம் மிஞ்சியது இந்தக் காலிக் கூடு.

கூடு சாட்சி சொல்லும்

காகிதத் தோட்டா சுட்டதும் எரிந்துபோகும், கிழிந்துபோகும். யார் எத்தனை முறை சுட்டார் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. பித்தளைக் கூடு மிஞ்சும். இதை வடிவமைத்தவர்கள் சாட்சியை உருவாக்க நினைக்கவில்லை. ஆனாலும் சாட்சி உருவாகிவிட்டது.

1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலாபாக். ஜெனரல் டயர் 50 துப்பாக்கி வீரர்களைச் சுட வைத்தார். சுமார் பத்து நிமிடம். ஹண்டர் குழுவின் முன் பதிவான கணக்கு 1,650 தோட்டா. சராசரியாக ஒருவருக்கு 33. இறந்தவர்கள் அரசுக் கணக்கில் 379, காங்கிரஸ் கணக்கில் ஆயிரத்துக்குப் பக்கம். இன்றுவரை சண்டை தீரவில்லை. தோட்டாவுக்குத் துல்லியமான கணக்கு இருந்தது, மனிதருக்கு இல்லை. இருந்தாலும் அந்த 1,650 என்ற எண் இல்லையென்றால், கூட்டத்தைக் கலைக்கச் சுட்டோம் என்ற பொய் இன்னும் எளிதாக நின்றிருக்கும்.

கூட்டின் அடியில் ஊசி குத்திய பள்ளம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும். கொக்கி இழுத்த கீறலும், பின்சுவர் அழுத்திய தடமும் அப்படியே. ஒப்பீட்டு நுண்ணோக்கியில் இரண்டு கூடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவையா என்று தடய அறிவியலாளர் சொல்ல முடியும். கூடு கிடந்த இடமும் பேசும். .303-இல் அடுத்த தோட்டாவுக்காகக் கைப்பிடியை இழுத்தால்தான் கூடு வெளியே விழும். சுட்டவர் கடைசிக் கூட்டைத் துப்பாக்கிக்குள்ளேயே வைத்துக்கொண்டு போகலாம். 1962 சீனப் போருக்குப் பிறகு இஷாப்பூரில் தயாரான எஸ்.எல்.ஆர். அப்படியல்ல. அதன் 7.62 கூட்டுக்கு நீட்டிய விளிம்பு இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி தானே கூட்டை வலப்பக்கம் எறியும். சுட்டவர் நின்ற இடத்தை அது காட்டிக்கொடுக்கும், பொறுக்கி எடுத்துப் போகாவிட்டால்.

2018 மே 22, 23, தூத்துக்குடி. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். எஸ்.எல்.ஆர். துப்பாக்கிகளும் பயன்பட்டன. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீது தொலைவிலிருந்து சுட்டார்கள் என்று அது கண்டது. எங்கிருந்து, எவ்வளவு தூரத்தில், எத்தனை ரவுண்டு என்ற கேள்விகளே அந்த விசாரணையின் முதுகெலும்பு.

2011 செப்டம்பர் 11, இமானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியில் நம் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்போது நாம் கொடிபிடித்தோம், உடலை வாங்க மறுத்தோம், இழப்பீடு கேட்டோம். எல்லாம் தேவைதான். கூடவே முதல் நாளே எழுத்தில் கேட்க வேண்டியவை உண்டு. எந்தெந்தத் துப்பாக்கிகள் வெளியே போயின? எத்தனை தோட்டா கொடுக்கப்பட்டது, எத்தனை திரும்பியது? எத்தனை காலிக் கூடு எங்கே கிடைத்தது? அவை முத்திரையிட்டுத் தடய அறிவியல் துறைக்குப் போனதா? கூடுகள் காணாமல் போவதற்கு ஒரு மழையோ, ஒரு துடைப்பமோ போதும்.

மலைச்சரிவில் இன்னும் 1853

உலகம் எங்கேயோ போய்விட்டது. 2022-ல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த புதிய தோட்டாவின் கூட்டுக்கு அடி எஃகு, உடல் பித்தளை. நெகிழிக் கூடுகளும் வந்துவிட்டன. ஆனால் நம் பக்கத்து மலைகளில் காட்டுப்பன்றிக்கு என்று சொல்லிப் புழங்கும் நாட்டுத் துப்பாக்கி இன்னும் குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் ரகம்தான். கூடு இல்லாத துப்பாக்கி. சுட்டால் சரிவில் எதுவும் மிஞ்சாது. வரலாற்றின் இரண்டு முனைகளும் ஒரே மலையில் இருக்கின்றன.

ஏன் இதைச் சொல்கிறேன்? ஏலக்காட்டில் வேலைக்குப் போகும் நம் பெண்களுக்கு அந்தச் சரிவு வேலையிடம், விறகிடம், நடைபாதை. அங்கே யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று நிலவுடைமையாளர்கள் தீயோடு மட்டும் வரவில்லை, துப்பாக்கியோடும் வந்தார்கள். சாதியின் கையில் தனியார் துப்பாக்கி என்ன செய்யும் என்பதை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

1989 செப்டம்பரில் போடியில் சாதிக் கலவரம் நடந்தது. அந்த மாதத்தில்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் ஏடேறியது. அதன் 1995-ஆம் ஆண்டு விதிகளில் மூன்றாம் விதியைப் படித்துப் பாருங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதியை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். தேவைப்பட்டால் அங்கே பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்யலாம். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். பாதுகாப்புக்குத் தேவை என்றால் நம் மக்களுக்கு உரிமம் வழங்கவும் இடம் இருக்கிறது.

நாம் துப்பாக்கி கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் கையில் புத்தகம் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உரிமத்தை ரத்து செய்வதும், கள்ளத் துப்பாக்கியைப் பறிப்பதும் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் இந்த விதியின்படி எத்தனை உரிமம் ரத்தானது, எத்தனை துப்பாக்கி பறிமுதலானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பத்து ரூபாய்ச் செலவு. பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது ஒரு ஆவணம்.

டம்டமில் தண்ணீர் கேட்டவரின் பெயரை ஆவணம் எழுதி வைக்கவில்லை. பர்மா போன சின்னய்யாவின் பெயர் ஏதாவது படைப்பதிவேட்டில் இருக்கலாம், குடும்பத்திடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவர் சண்டைக்குப் போனதற்கு அந்த வீட்டில் இருக்கும் ஒரே சாட்சி இந்தப் பித்தளைக் கூடு.

கிளம்பும்போது, அடியில் உள்ள எழுத்துகளுக்கு என்ன பொருள் என்று அம்மாச்சிக்குச் சொன்னேன். நாற்பத்திரண்டு என்றதும் கேட்டுக்கொண்டே இருந்தார். "சின்னய்யா இதக் கொண்டாந்து குடுத்தப்ப நான் நடக்கப் பழகுன பிள்ளைன்னு எங்கம்மா சொல்லும்" என்றார். சண்டை முடிந்தது 1945-ல். அங்கிருந்து ஒரு கணக்குப் போட்டு, வயது என்ற இடத்தை நிரப்பினோம். மனு தாலுகா அலுவலகம் போயிருக்கிறது.

ஜெய்பீம்.